பூஸ்டர் சீட் வாங்குமுன்: பெல்ட் எலும்பில் படுகிறதா?

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் சாலை ஏறத்தாழ 50 கி.மீ. தான். 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் செங்கோட்டை. அதனால் சொந்தபந்தம் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புனலூர் அத்தை வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவருவதை இங்கே யாரும் பயணம் என்றே சொல்வதில்லை. அப்படிப் போகும் கார்களின் பின்சீட்டைப் பார்த்தால் நாலு, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று ஆச்சி மடியில் இருக்கும், அல்லது முன்சீட் இரண்டுக்கும் நடுவே தலையை நீட்டி நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் கவனமான வீடு என்றால் பெரியவர்களின் சீட் பெல்ட்டைப் பிள்ளைக்கும் போட்டுவிட்டிருப்பார்கள். முதல் இரண்டும் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரியாது. கார் சீட்டின் மேல் வைத்துப் பிள்ளையை உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் வந்ததே அந்த மூன்றாவது நிலையைச் சரிசெய்யத்தான்.

பிள்ளை உயரமாக உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்ப்பதற்கு உதவும் மெத்தை என்றே பலர் பூஸ்டரை நினைக்கிறார்கள். உயர்த்துவது அதன் வேலையில் பாதிதான். பெரியவர்களுக்காகச் செய்த பெல்ட்டைப் பிள்ளையின் இடுப்பு எலும்பிலும், கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பிலும் கொண்டுபோய் உட்காரவைத்து, அங்கிருந்து நகரவிடாமல் பிடித்துக்கொள்வதே அதன் முழு வேலை. விலை, நிறம், மெத்தையின் கனம், கப் வைக்கும் வளையம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வயிற்றில் ஏறும் பெல்ட்

இடுப்புக்கும் தோளுக்கும் குறுக்கே வரும் மூன்று முனை சீட் பெல்ட் வளர்ந்த உடலை அளவாகக் கொண்டு உருவானது. மோதல் நேரத்தில் வரும் விசையை இடுப்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பும், நெஞ்செலும்பும், காறை எலும்பும் தாங்கவேண்டும் என்பதே அதன் கணக்கு. சின்னப்பிள்ளைக்கு அந்த இடுப்பு எலும்பின் முன்முனை இன்னும் சரியாகத் திரண்டிருக்காது. எட்டு முதல் பத்து வயதுக்குள்தான் பெல்ட்டைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அது வடிவம் பெறுகிறது.

தொடையின் நீளமும் ஒரு சிக்கல். காரின் பின்சீட் பெரியவர்களின் தொடைக்கு ஏற்ற ஆழம் கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முட்டி சீட்டின் விளிம்பை எட்டாது, கால் நீட்டிக்கொண்டு நிற்கும். அது வலிக்கும் என்பதால் பிள்ளை முன்னுக்குச் சறுக்கி முட்டியை மடக்கிக்கொள்ளும். அப்படிச் சறுக்கிய நிமிடமே இடுப்புப் பெல்ட் தொடையை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். அந்த நிலையில் மோதல் நடந்தால் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவ, பெல்ட் வயிற்றுக்குள் அழுந்தும். குடல் கிழிவது, மண்ணீரல், கல்லீரல் காயங்கள், கீழ் முதுகெலும்பு முறிவு ஆகியவை சேர்ந்து வருவதை மருத்துவர்கள் ‘சீட் பெல்ட் சிண்ட்ரோம்’ என்கிறார்கள். வெளியே வயிற்றில் குறுக்கே ஒரு சிராய்ப்புக் கோடு மட்டும் தெரியும். அப்படிக் கோடு விழுந்த பிள்ளை நன்றாகப் பேசினாலும் நடந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேல்பாதியில் தோள் பெல்ட் கழுத்தை அறுக்கும். பிள்ளை அதை அக்குளுக்கு அடியில் தள்ளிக்கொள்ளும், இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும். அக்குளுக்கு அடியில் போனால் விசை முழுதும் விலா எலும்புக்கும் அதன் கீழுள்ள கல்லீரலுக்கும் போகும். முதுகுக்குப் பின்னால் போனால் மேலுடம்புக்குப் பிடிப்பே இல்லை. தலை முன்சீட்டின் முதுகிலோ தன் முட்டியிலோ போய் இடிக்கும்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 50 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். கார் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 20 கிலோ பிள்ளையைப் பிடித்துநிறுத்த ஏறத்தாழ 280 கிலோ எடையைத் தாங்கும் வலு வேண்டும். அந்த வலு எந்த ஆச்சிக்கும் எந்த அப்பாவுக்கும் இல்லை. அதே வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம். மலைப்பாதையில் நாம் 30, 40-க்கு மேல் போவதில்லையே என்று கேட்கலாம். எதிரே இறங்கிவரும் லாரியின் வேகமும் எடையும் நம் கையில் இல்லை. தென்காசிப் பக்கமிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளம் போகும் கனரக லாரிகள் இந்தச் சாலையில் எவ்வளவு என்பது தினமும் போகிறவர்களுக்குத் தெரியும்.

இதோடு தலையணை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பூஸ்டர் வாங்குவதற்குப் பதில் தலையணையோ மடித்த ஜமுக்காளமோ போட்டு உயர்த்துவது பல வீடுகளில் உண்டு. இது ஒன்றும் போடாததைவிட மோசமாகலாம். மோதலில் பஞ்சு அமுங்கும். அமுங்கிய அளவுக்குப் பெல்ட் தளரும், தலையணை முன்னுக்கு வழுக்கும், பிள்ளையும் அதோடு சேர்ந்து பெல்ட்டுக்கு அடியில் போகும். பூஸ்டரின் அடித்தளம் கெட்டியான பிளாஸ்டிக்கில் இருப்பதும், இரண்டு பக்கமும் பெல்ட்டைக் கீழே பிடிக்கும் கொம்பு இருப்பதும் இதைத் தடுக்கத்தான்.

எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது

பூஸ்டருக்குக் குறைந்தபட்சம் 15 கிலோ எடை, 100 செ.மீ. உயரம், நாலு வயதை ஒட்டிய நிதானம் ஆகிய மூன்றும் வேண்டும். நிதானம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பூஸ்டரில் பிள்ளையைப் பிடிப்பது காரின் பெல்ட் மட்டுமே. குனிந்து பொம்மையை எடுப்பது, பக்கவாட்டில் புரள்வது, பக்கிளைத் தானே கழற்றுவது என்றிருக்கும் பிள்ளைக்கு அது உதவாது. அப்படிப்பட்ட பிள்ளை, ஐந்து பட்டிகளால் உடலைக் கட்டிப் பிடிக்கும் ஹார்னஸ் உள்ள குழந்தை சீட்டிலேயே இருக்கட்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயதில் நடுத்தர எடை 18 கிலோவை ஒட்டியும் உயரம் 110 செ.மீ.யை ஒட்டியும் இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் அதைவிட ஒன்றிரண்டு கிலோ குறைவு. ஹார்னஸ் சீட்டுகள் பெரும்பாலும் 18 கிலோ வரை தாங்கும். ஆகவே ஐந்து வயதாகிவிட்டது என்பதற்காக ஹார்னஸைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். பிள்ளையின் தோள், ஹார்னஸ் பட்டி நுழையும் துளைகளில் மேலே உள்ளதைத் தாண்டும்போது, அல்லது எடை வரம்பைத் தொடும்போது மாற்றினால் போதும்.

இறக்குவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஆறு, ஏழு வயதானதும் ‘பெரிய பிள்ளை ஆயிட்டான்’ என்று பூஸ்டரை மச்சுக்கு ஏற்றிவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரமே 138 செ.மீ. தான். பெரியவர்களின் பெல்ட் தானாகவே சரியாகப் பொருந்துவதோ பெரும்பாலும் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் பல கார்களில் பூஸ்டர் தேவைப்படும் என்பதே இதன் பொருள்.

உயரம் ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது உங்கள் காரின் சீட். பூஸ்டர் இல்லாமல் பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு முழுதும் சீட்டில் ஒட்டியிருக்க, முட்டி விளிம்பில் இயல்பாக மடங்க வேண்டும். இடுப்புப் பெல்ட் தொடையின் மேற்பகுதியைத் தொட்டபடி கீழே படிந்திருக்க, தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள்பட்டை முனைக்கும் நடுவே போக வேண்டும். கடைசியாக, புனலூர் போய்ச் சேரும்வரை பிள்ளை அதே நிலையில் உட்கார்ந்திருக்க முடிய வேண்டும். ஒன்று தவறினாலும் பூஸ்டர் தொடரட்டும். அப்பாவின் காரில் தேறிய பிள்ளை, சீட் ஆழமான மாமாவின் காரில் தேறாமல் போகலாம். காருக்குக் கார் தனித்தனியாகப் பார்ப்பதே சரி.

இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சட்டம்

2019 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச்சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இது மத்தியச் சட்டம். புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான்.

கேரளத்தில் 2024 அக்டோபரில் ஒரு குழப்பம் நடந்தது. நாலு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனி இருக்கை, நாலு முதல் 14 வயது வரை 135 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு பூஸ்டர், டிசம்பரிலிருந்து அபராதம் என்று அங்குள்ள மோட்டார் வாகனத் துறை அறிவித்தது. உடனடியாக அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் குறுக்கிட்டு, இப்போதைக்கு அபராதம் கிடையாது, விழிப்புணர்வுதான் நோக்கம் என்றார். அபராதம் நின்றதைச் ‘சட்டம் வாபஸ்’ என்று எல்லையோரத்தில் பலர் புரிந்துகொண்டார்கள். 194பி அப்படியே இருக்கிறது. பிள்ளையின் இடுப்பு எலும்பின் வளர்ச்சியும் எந்த அறிவிப்புக்கும் காத்திருப்பதில்லை.

முதுகு உள்ளதா, இல்லாததா

பூஸ்டரில் இரண்டு வகை. முதுகும் தலைப்பக்கச் சிறகும் உள்ளது ஹை பேக். வெறும் அடித்தளம் மட்டும் உள்ளது பேக்லெஸ். விலையும் எடையும் குறைவு என்பதால் பேக்லெஸ் பக்கம் கை நீளும். நாலு முதல் எட்டு வயது வரை ஹை பேக்தான் வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

முதல் காரணம் தூக்கம். ஆரியங்காவு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பிள்ளை தூங்கிவிடும். தூங்கும் பிள்ளை பேக்லெஸ்ஸில் கதவுப் பக்கமோ நடுப்பக்கமோ சரியும். தோள் பெல்ட் தோளை விட்டுக் கையில் இறங்கிவிடும். ஹை பேக்கின் பக்கச் சிறகுகள் தலையையும் தோளையும் பெல்ட்டின் பாதைக்குள்ளேயே வைத்திருக்கும். இரண்டாவது காரணம் பக்கவாட்டு மோதல். சிறகின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் வகை நுரை, தலை கதவுக் கண்ணாடியில் நேரே போய் இடிக்காமல் விசையை உறிஞ்சும். மூன்றாவது, தோள் பெல்ட் வழிகாட்டி. பிள்ளை வளர வளர அதையும் சேர்த்து மேலே நகர்த்தலாம்.

ஐரோப்பிய விதிப்படி 2017 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் பேக்லெஸ் மாடல்கள் 125 செ.மீ. உயரமும் 22 கிலோ எடையும் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டுமே. அந்த அளவை எட்டிய பிள்ளைக்கும் காரின் பின்சீட்டில் ஹெட்ரெஸ்ட் இருந்து, அதன் மேல்விளிம்பு காதுக்கு மேலே நின்றால்தான் பேக்லெஸ் சரி. பழைய சிறிய கார்களில் பின்சீட் ஹெட்ரெஸ்ட்டே இருக்காது, அல்லது சீட்டோடு ஒட்டிய குட்டையான மேடாக இருக்கும். அங்கே பேக்லெஸ்ஸில் உயர்ந்து உட்கார்ந்த பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தாத்தா வீட்டுக் காருக்கென்று இரண்டாவதாக ஒன்று வாங்கிவைக்க, எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பேக்லெஸ் நல்லதுதான்.

முத்திரை

பூஸ்டரின் அடியிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஐரோப்பிய ஒப்புதல் பெற்றதில் ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் இருக்கும். பழைய விதியான ஆர் 44 எடையை வைத்துப் பிரிக்கிறது: 15 முதல் 25 கிலோ வரை இரண்டாம் குரூப், 22 முதல் 36 கிலோ வரை மூன்றாம் குரூப். ஆர் 44-இன் கடைசித் திருத்தப்படி ஒப்புதல் பெற்றதில் ஒப்புதல் எண் 04 என்று தொடங்கும். புதிய விதியான ஆர் 129 உயரத்தை வைத்துச் சொல்கிறது, லேபிளில் 100–150 செ.மீ. என்பது போல இருக்கும். பக்கவாட்டு மோதல் சோதனையும் அந்த விதியில்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் ஆர் 44 சீட்டுகளின் விற்பனை நின்றுவிட்டது. இந்தியாவின் ஏஐஎஸ் 072 தரம் ஆர் 44-ஐ ஒட்டியது. ஆர் 44 சீட் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டியதில்லை. புதிதாக வாங்குவதானால் ஆர் 129 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் ‘குழந்தைகளுக்கான கார் குஷன்’ என்ற பெயரில் இணையத்தில் வரும் துணிப் பட்டைகளையும், பெல்ட்டை முக்கோணமாக இழுத்துப் பிடிக்கும் துணி கிளிப்புகளையும் நம்ப வேண்டாம். தோள் பெல்ட்டைக் கழுத்திலிருந்து கீழே இழுக்கும் அந்த கிளிப், அதே இழுப்பில் இடுப்புப் பெல்ட்டை வயிற்றுக்கு ஏற்றிவிடும்.

கல்ஃபிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பியது என்று இந்தப் பக்கத்து வீடுகளில் வெளிநாட்டு சீட்டுகள் நிறைய. அமெரிக்க சீட்டில் ‘இ’ வட்டம் இருக்காது, அந்நாட்டின் வாகனப் பாதுகாப்புத் தரங்களுக்கு (எஃப்எம்விஎஸ்எஸ்) ஏற்றது என்ற வாசகம் அச்சாகியிருக்கும். பூஸ்டர் என்பது சாதாரண மூன்று முனைப் பெல்ட்டோடு வேலை செய்வதால் அதுவும் நம் காரில் உதவும். கவனிக்க வேண்டியது தேதிதான். பிளாஸ்டிக் அடித்தளத்தில் உற்பத்தித் தேதி பதிந்திருக்கும். பல தயாரிப்பாளர்கள் ஆறு முதல் பத்து வருடம் வரை ஆயுள் சொல்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் மெல்ல நொறுங்கும் தன்மைக்கு வரும். மூன்று பிள்ளைகள் மாறி மாறி உட்கார்ந்த சீட்டை வாங்கும் முன் உறையைக் கழற்றி, அடித்தளத்தில் வெளிறிய கோடு இருக்கிறதா, நுரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்தில் இருந்த சீட்டைத் தொடவே வேண்டாம்.

காரையும் பார்க்க வேண்டும்

மூன்று முனைப் பெல்ட் இல்லாத இடத்தில் பூஸ்டர் வைக்கக் கூடாது. பழைய கார்களில் பின்சீட்டின் நடுவே இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்தான் இருக்கும். அதில் பூஸ்டர் வைத்தால் மேலுடம்பு முழுதும் முன்னால் வளைந்து அடிபடும். ஜீப், பொலேரோ வகையில் பின்னால் எதிரும் புதிருமாக இருக்கும் பக்கவாட்டு பெஞ்சிலும் பூஸ்டருக்கு இடமில்லை. முன்சீட் வேண்டாம், ஏர்பேக் பெரியவர்களின் நெஞ்சை எதிர்பார்த்து விரிவது.

நம் ஊரில் அதிகம் இடறும் இடம் சீட் கவர். கார் வாங்கிய வாரமே ரெக்ஸின் கவர் போட்டுவிடுகிறோம். தைப்பவர் பக்கிளுக்கான ஓட்டையைச் சின்னதாக விட்டுவிடுவார், பக்கிள் உள்ளே புதைந்துபோகும். குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் வளையங்களும் மூடிக்கொள்ளும். ஆளில்லாத சீட்டில் அலாரம் அடிக்காமல் இருக்க பக்கிளில் ஒரு டம்மி கிளிப்பைச் செருகிவைத்திருப்பதும் உண்டு. இந்தக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. பூஸ்டர் வாங்கும் முன் பின்சீட்டின் பக்கிள்கள் மூன்றையும் வெளியே எடுத்து, பூட்டித் திறந்து பாருங்கள். பெல்ட்டை முழுதும் வெளியே இழுத்து விடுங்கள், தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

ஐசோஃபிக்ஸ் என்பது சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் 28 செ.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு இரும்பு வளையங்கள். பூஸ்டரில் அதற்கான கொக்கி இருந்தால் நல்லது. வளைவில் பூஸ்டர் நகராது, பிள்ளை இல்லாதபோது பறக்காது. ஆனால் அது பிடிப்பது பூஸ்டரை மட்டும்தான். பிள்ளையைப் பிடிப்பது எப்போதும் பெல்ட். ஐசோஃபிக்ஸ் மாட்டியாயிற்று என்று பெல்ட் போடாமல் விடுவது பெரிய விபரீதம். ஐசோஃபிக்ஸ் இல்லாத காரில், பிள்ளை இல்லாத நாளும் வெற்று பூஸ்டருக்குப் பெல்ட் போட்டே ஓட்ட வேண்டும். நாலைந்து கிலோ பொருள் சடன் பிரேக்கில் ஓட்டுபவரின் தலைக்கு வரலாம்.

காருக்கு ‘சைல்டு சேஃப்டி’ நட்சத்திரம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: காரை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தருவது 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்சிஏபி சோதனை. அதில் குழந்தைகள் பிரிவுக்கு மொத்தம் 49 புள்ளிகள். அந்தச் சோதனையில் 18 மாத, 3 வயது பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் கட்டி உட்காரவைத்துத்தான் மோதுகிறார்கள். இருக்கை இல்லாமல் போகும் பிள்ளைக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது.

வாங்கியதும் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்குவார்கள். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் பொருத்திப் பார்த்துவிட வேண்டும், அதுவரை பெட்டியைக் கிழிக்க வேண்டாம். காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் சில கார்களில் பெல்ட் பூட்டிக்கொண்டு வெளியே வராது, பூஸ்டரில்தான் கோளாறு என்று தோன்றிவிடும்.

பூஸ்டரை வைத்ததும் அதன் முதுகு காரின் சீட் முதுகோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். காரின் ஹெட்ரெஸ்ட் பூஸ்டரை முன்னுக்குத் தள்ளினால், கையேடு அனுமதித்தால் ஹெட்ரெஸ்ட்டை உயர்த்துங்கள் அல்லது கழற்றுங்கள். பெரியவர் அங்கே உட்காரும் நாளில் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள மாடலில் இரண்டு பக்கமும் ‘கிளிக்’ சத்தமும் பச்சை நிறமும் வரவேண்டும். ஒரு பக்கம் சிவப்பு தெரிந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம்.

பிள்ளையை உட்காரவைத்துத் தலைப்பகுதியை உயர்த்துங்கள். தோள் பெல்ட் வழிகாட்டி தோளுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தோளுக்குக் கீழே இருந்தால் மோதலில் பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், ரொம்ப மேலே போனால் கழுத்தை உரசும். அடுத்து பெல்ட். இடுப்புப் பெல்ட் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கொம்புக்கு அடியில் போக வேண்டும். பக்கிள் இருக்கும் பக்கம் தோள் பெல்ட்டும் கொம்புக்கு அடியிலேயே போக வேண்டும். பெல்ட் போகும் பாதைக்குப் பூஸ்டரிலேயே நிறம் பூசியிருப்பார்கள். பக்கிளைப் பூட்டியதும் முதலில் இடுப்புப் பகுதியை இறுக்கி, பிறகு தோள் பகுதியை மேலே இழுத்து மிச்சத் தளர்வை எடுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இடுப்பில் தளர்வு தங்கிவிடும்.

இனி இரண்டு சோதனை. பக்கிளின் தண்டு நீளமாக இருந்து பூஸ்டரின் கொம்பின் மேலேயே பக்கிள் வளைந்து உட்கார்ந்தால் அந்த பூஸ்டர் அந்தக் காருக்கு ஆகாது. மோதலில் கொம்பின் விளிம்பு பக்கிளை நெம்பித் திறந்துவிடலாம். மற்றது, பிள்ளையை முன்னால் குனிந்து மறுபடி சாயச் சொல்லுங்கள். குனியும்போது வெளியே வந்த பெல்ட், சாயும்போது தானாகச் சுருண்டு நெஞ்சோடு படிய வேண்டும். பல ஹை பேக்குகளில் வழிகாட்டியின் இடுக்கில் பெல்ட் சிக்கி அப்படியே தளர்ந்து தொங்கும். காரின் மேல் பெல்ட் முனை பூஸ்டருக்கு முன்பக்கமாக இருக்கும் சிறிய கார்களில் இது அதிகம். கையால் இழுத்துவிட்டால் சரியாகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். ஓடும் காரில் ஒவ்வொரு முறை பிள்ளை குனிந்தபிறகும் யார் இழுத்துவிடுவது? திருப்பி அனுப்பிவிட்டு வேறு மாடல் பாருங்கள்.

இரண்டு பிள்ளைகள் என்றால் அகலத்தையும் அளந்து வாங்குங்கள். பூஸ்டர் ஒன்று சுமார் 45 செ.மீ. அகலம். சிறிய காரில் இரண்டை வைத்தபிறகு நடுவே ஆச்சி உட்கார்ந்தால் பக்கிள்களுக்குக் கை நுழையாது. ஆச்சி முன்சீட்டுக்கு வருவதே இருவருக்கும் நல்லது.

சுகமும் பாதுகாப்பின் பகுதிதான்

அசௌகரியமாக இருந்தால் பிள்ளை நெளியும். நெளிந்தால் பெல்ட் இடம் மாறும். ஆகவே சுகத்தை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. பூஸ்டரின் இருக்கை நீளம் தொடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும், முன்விளிம்பு முட்டிக்குப் பின்னால் வெட்டக் கூடாது. கால் தொங்கினால் மரத்துப்போகும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள்.

வெயில் பெரிய பிரச்சினை. கறுப்பு நிறம் அழுக்குத் தெரியாது என்று வாங்குவார்கள். வேனலில் நிறுத்திய காரில் அது தகிக்கும், பக்கிளின் உலோக நாக்கு தொடையைச் சுடும். வெளிர்நிற உறை, காற்று புகும் வலைத்துணி, கழற்றித் துவைக்கும் ஜிப் இருந்தால் நல்லது. காரை விட்டு இறங்கும்போது ஒரு வெள்ளைத் துண்டைச் சீட் மேலும் பக்கிள் மேலும் போட்டுவிட்டுப் போங்கள். ஏற்றும் முன் உலோகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏற்றும்போது பூஸ்டர் நனையாமல் இருக்க அடியில் கனத்த துண்டு போடுவதும் பழக்கம். துண்டு வழுக்கும், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி வரும். உலர்ந்த உடை மாற்றி ஏற்றுங்கள். பூஸ்டரோடு வராத கழுத்துத் தலையணை, பெல்ட் மேல் சுற்றும் பஞ்சு உறை ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

வாந்திக்கு பூஸ்டர் ஓரளவு உதவியே செய்யும். கண் மட்டம் ஜன்னலுக்கு மேலே வருவதால் பிள்ளைக்குச் சாலை தெரியும். உடல் உணரும் வளைவும் கண் காணும் வளைவும் ஒத்துப்போனால் குமட்டல் குறையும். மொபைலைக் கையில் கொடுத்தால் இந்த நன்மை போய்விடும். அப்படியும் வாந்தி எடுத்துவிட்டால் பெல்ட்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள். பிளீச்சிங், பினாயில், கடினமான சோப்பு எதுவும் பெல்ட் இழையில் படக் கூடாது. ஈரம் காயும்வரை பெல்ட்டைச் சுருளவிடவும் வேண்டாம்.

கல்யாணம், மாலை போட்ட சீசன் என்று ஏழு பேர் ஐந்து பேர் காரில் ஏறும் நாளில் முதலில் கழற்றப்படுவது பூஸ்டர்தான். சாலையில் நெரிசல் அதிகமாக இருப்பதும் அந்த நாளில்தான். இன்னொரு வண்டி பிடிக்க முடியுமானால் பிடியுங்கள், முடியாவிட்டால் புனலூருக்குப் பஸ்ஸில் இரண்டு பெரியவர்கள் போகட்டும்.

சிறு உரசல், பம்பர் கீறல் தவிர்த்து, கதவு நசுங்கும் அளவுக்கோ ஏர்பேக் விரியும் அளவுக்கோ மோதல் நடந்தால், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் பூஸ்டரை மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் கோரிக்கை போடும்போது அதையும் சேர்த்துக் கேட்டுப்பாருங்கள். பழையதை அப்படியே பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தால் வேறொரு வீட்டுப் பிள்ளையின் சீட்டாக அது திரும்பி வந்துவிடும். உறையைக் கழற்றிக் கிழித்து, பெல்ட் வழிகாட்டியை உடைத்து, பிளாஸ்டிக்கில் ‘விபத்தில் அடிபட்டது’ என்று அழியாத மையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிட்டுக் கொடுங்கள்.